அப்பாவுக்கு யூரின் பிரச்னை, மகனுக்கு முடி உதிர்வு... இரண்டுக்கும் ஒரே மருந்து! - வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

அறுபதைத் தாண்டிய அப்பா ராத்திரியில் நான்கு முறை எழுந்து பாத்ரூம் போகிறார். 'சுகராக இருக்குமோ' என்று டெஸ்ட் எடுத்தால் நார்மல். யூராலஜிஸ்ட் ஒரு மாத்திரை எழுதித் தருகிறார். அதே வீட்டில் 28 வயது மகன், சீப்பில் சிக்கும் முடியைப் பார்த்துப் பார்த்து நொந்துபோய் ஸ்கின் டாக்டரிடம் போகிறார். அவரும் ஒரு மாத்திரை எழுதித் தருகிறார்.

இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆச்சர்யமாக இருக்கும். இரண்டிலும் ஒரே மருந்தின் பெயர் இருக்க வாய்ப்புண்டு. அது ஃபினாஸ்டெரைட். அப்பாவுக்கு 5 மி.கி, மகனுக்கு 1 மி.கி. அளவு மட்டும்தான் வேறு.

ஆனால், பல வீடுகளில் அந்த இரண்டு சீட்டுகளும் பக்கத்தில் வருவதே இல்லை. சிறுநீர் பிரச்னையை அப்பா வெளியே சொல்ல மாட்டார். முடிக்காக மாத்திரை சாப்பிடுவதை மகன் சொல்ல மாட்டார். தாம்பத்யத்தில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் இருவருமே வாய் திறக்க மாட்டார்கள். இந்த மருந்தைப் பொறுத்தவரை அந்த மௌனம்தான் சிக்கலே. ஏன் என்று பார்ப்போம்.

ஒரு கிராமத்தில் கிடைத்த துப்பு

இந்த மருந்தின் கதை கரீபியன் கடலில் உள்ள டொமினிகன் குடியரசில் தொடங்குகிறது. அந்த நாட்டின் தென்மேற்கே சலினாஸ் என்றொரு ஒதுக்குப்புறக் கிராமம். அங்கே சில குடும்பங்களில் பிறந்த குழந்தைகள், பார்ப்பதற்குப் பெண் குழந்தைகளைப் போலவே இருந்தன. பெற்றோரும் பெண்ணாகவே வளர்த்தார்கள். பருவ வயது வந்ததும் குரல் உடைந்தது, தசைகள் திரண்டன, ஆணுறுப்பு வளர்ந்தது. அவர்களில் பெரும்பாலானோர் அதன்பிறகு ஆண்களாகவே வாழ்ந்தார்கள். '12 வயதில் ஆணாகிறவர்கள்' என்ற பொருளில் ஊர்க்காரர்கள் இவர்களுக்கு ஒரு பட்டப்பெயரே வைத்திருந்தார்கள்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவர் ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி தன் குழுவினருடன் இந்தக் குடும்பங்களை ஆராய்ந்து, 1974-ல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வெளியிட்டார். இந்தக் குழந்தைகள் மரபணுப்படி ஆண்கள்தான். ஆனால், '5 ஆல்ஃபா ரிடக்டேஸ்' என்ற ஒரு நொதி அவர்கள் உடலில் சரியாகச் சுரக்கவில்லை. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனை இன்னும் வீரியமான டி.ஹெச்.டி என்ற ஹார்மோனாக மாற்றுவது இந்த நொதிதான். தாயின் வயிற்றில் இருக்கும்போது ஆண் குழந்தையின் வெளி உறுப்புகள் உருவாக இந்த டி.ஹெச்.டி கட்டாயம் வேண்டும். அது கிடைக்காததால்தான் பிறக்கும்போது அப்படித் தோற்றமளித்தார்கள்.

அந்த ஆண்களிடம் வேறு சில விஷயங்களும் கண்ணில் பட்டன. வளர்ந்த பிறகும் அவர்களின் புராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது. தலையில் வழுக்கை விழவில்லை. தாடி மட்டும் அடர்த்தி குறைவாக இருந்தது.

மெர்க் மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவை வழிநடத்திய ராய் வாகெலோஸின் கவனத்துக்கு இந்த ஆய்வு வந்தது. இயற்கையிலேயே இந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு புராஸ்டேட் வீங்கவில்லை என்றால், வயதானவர்களின் உடலில் அதே நொதியை மருந்தால் தடுத்தால் என்ன? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் ஃபினாஸ்டெரைட். 1992-ல் புராஸ்டேட் வீக்கத்துக்காக 5 மி.கி மாத்திரைக்கு, 'புரோஸ்கார்' என்ற பெயரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ அமைப்பு அனுமதி தந்தது. 1997-ல் ஆண்களின் வழுக்கைக்காக 1 மி.கி மாத்திரை 'புரொபீசியா' என்ற பெயரில் வந்தது. இன்று இந்தியாவில் பல நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் இதைத் தயாரிக்கின்றன. அதனால்தான் இரண்டு அட்டைகளிலும் இருப்பது ஒரே மருந்து என்பது பலருக்குத் தெரிவதில்லை. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பார்த்தால்தான் புரியும்.

இதே குடும்பத்தில் இன்னொரு மருந்து டூடாஸ்டெரைட். இது கொஞ்சம் பலசாலி. ஃபினாஸ்டெரைட் ரத்தத்தில் உள்ள டி.ஹெச்.டி-யைச் சுமார் 70 சதவிகிதம் குறைக்கும் என்றால், டூடாஸ்டெரைட் 90 சதவிகிதத்துக்கும் மேல் குறைத்துவிடும். 2001-ல் புராஸ்டேட் வீக்கத்துக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்தை, தென் கொரியாவும் ஜப்பானும் வழுக்கைக்கும் அனுமதித்திருக்கின்றன.

அப்பாவின் பக்கம்: புராஸ்டேட்

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி புராஸ்டேட். இளம் வயதில் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். வயதாக ஆக இது மெல்ல வளரும். நடுவில் போகும் குழாயை நெரிக்கும். 51 முதல் 60 வயதுக்குள் ஏறக்குறைய பாதி ஆண்களுக்கும், 80 வயதைத் தாண்டியவர்களில் 90 சதவிகிதம் பேர் வரையிலும் இந்த வீக்கம் இருக்கிறது. இது புற்றுநோய் கிடையாது. புற்றுநோயாக மாறுவதும் கிடையாது. ஆனால், இரண்டும் ஒரே சமயத்தில் ஒருவருக்கு இருக்கலாம்.

அறிகுறிகள் இவைதான். சிறுநீர் வரக் காத்திருக்க வேண்டியிருக்கும். வந்தாலும் மெலிந்து, விட்டு விட்டு வரும். போய் முடித்த பிறகும் சொட்டும். முழுதாகப் போகாத உணர்வு இருக்கும். அடிக்கடி போக வேண்டும், அடக்க முடியாது, ராத்திரித் தூக்கம் கெடும். பஸ் பயணம், கல்யாண வீடு என்றாலே பயந்து, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் எத்தனையோ பேர். 'வயசானா அப்படித்தான்' என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள்.

இதற்கான மாத்திரைகள் முக்கியமாக இரண்டு வகை. டாம்சுலோசின், அல்ஃபுசோசின், சைலோடோசின் போன்றவை முதல் வகை. இவை குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தி வழிவிடச் செய்கின்றன. சில நாள்களிலேயே வித்தியாசம் தெரியும். ஆனால், வீங்கிய சுரப்பி அப்படியேதான் இருக்கும்.

ஃபினாஸ்டெரைடும் டூடாஸ்டெரைடும் இரண்டாவது வகை. இவை சுரப்பியையே சுருக்குகின்றன. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அளவு குறையும். ஆனால், அதற்குப் பொறுமை வேண்டும். முழுப் பலன் தெரிய ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். 'ஒரு மாசம் சாப்பிட்டேன், ஒண்ணும் ஆகலை' என்று நிறுத்திவிடுபவர்கள், மருந்து வேலையைத் தொடங்கும் முன்பே கைவிடுகிறார்கள். சுரப்பி நன்றாகப் பெரிதாகியிருப்பவர்களுக்குத்தான் இந்த வகை அதிகம் உதவும். லேசான வீக்கம் உள்ளவர்களுக்கு இது தேவைப்படாமலே போகலாம்.

சாப்பிட்டால் என்ன லாபம்? 1998-ல் வெளியான ஓர் ஆய்வில், 3,040 ஆண்களை நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 10 சதவிகிதம் பேருக்கு ஆபரேஷன் தேவைப்பட்டது. ஃபினாஸ்டெரைட் சாப்பிட்டவர்களில் அது 5 சதவிகிதம். திடீரெனச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும் அவஸ்தை 7 சதவிகிதத்திலிருந்து 3 சதவிகிதமாகக் குறைந்தது. 2003-ல் வெளியான மற்றோர் ஆய்வில், இரண்டு வகை மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தபோது நோய் முற்றும் அபாயம் 66 சதவிகிதம் குறைந்தது. டாம்சுலோசினும் டூடாஸ்டெரைடும் சேர்ந்த ஒரே மாத்திரையாக நம் ஊரில் எழுதித் தருவதற்குக் காரணம் இதுதான்.

இந்த மாத்திரைகள் எடுக்கும் பெரியவர்கள் மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். டாம்சுலோசின் வகை மருந்துகள் படுக்கையிலிருந்து எழும்போது தலைசுற்றலைத் தரலாம். அதனால், ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு எழுந்திருப்பது நல்லது. அடுத்து, கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால், இந்த மாத்திரை சாப்பிடுவதை, முன்பு சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும்கூட, கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இது கண்ணின் கருவிழித் திரையைத் தளரச் செய்து ஆபரேஷனைச் சிக்கலாக்கலாம். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர்கள் அதற்கேற்பத் தயாராகிக்கொள்வார்கள். கடைசியாக, சளிக்கும் மூக்கடைப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகள், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீரை மொத்தமாக அடைத்துவிடலாம். ஜலதோஷ மாத்திரை போட்ட இரவில் சிறுநீரே வரவில்லை என்றால், விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறுநீரில் ரத்தம் வந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

மகனின் பக்கம்: முடி

டி.ஹெச்.டி ஒரு விசித்திரமான ஹார்மோன். முகத்தில் மீசை, தாடியை வளர்ப்பதும் அதுதான். மரபுவழியாக வழுக்கைக்கான கூறு உள்ளவர்களுக்கு, உச்சந்தலையிலும் முன்நெற்றியிலும் உள்ள முடி வேர்களைச் சுருங்கவைப்பதும் அதுதான். ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து, குட்டையாகி, கடைசியில் பூனைமுடியாகிவிடும். பின்தலையிலும் காதோரங்களிலும் உள்ள வேர்களை டி.ஹெச்.டி அவ்வளவாகப் பாதிப்பதில்லை. முடி மாற்று சிகிச்சையில் பின்பக்கத்திலிருந்து முடி எடுத்து முன்னால் நடுவது இதனால்தான்.

ஃபினாஸ்டெரைட் இந்தச் சுருங்கலைத் தடுக்கிறது. 1,553 ஆண்களிடம் நடந்த ஆய்வில், இரண்டு ஆண்டுகள் 1 மி.கி சாப்பிட்டவர்களில் 83 சதவிகிதம் பேருக்கு உச்சந்தலை முடியின் எண்ணிக்கை குறையவில்லை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 28 சதவிகிதம் பேருக்குத்தான் அப்படி. இருக்கும் முடியைத் தக்கவைப்பதுதான் இந்த மருந்தின் பெரிய பலன். சிலருக்கு மெலிந்த முடி மீண்டும் தடிக்கும். வேரே அழிந்து பளபளவென்று ஆன இடத்தில் இது முடியை முளைக்கவைக்காது.

வித்தியாசம் தெரியக் குறைந்தது மூன்று மாதம் ஆகும். நிறுத்தினால், கிடைத்த பலன் ஓராண்டுக்குள் போய்விடும். அதாவது, தொடங்கினால் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டிய மருந்து இது. 22 வயதில் தொடங்கும் ஒருவர் இதை யோசித்துத்தான் தொடங்க வேண்டும்.

எல்லா முடி உதிர்வுக்கும் இது மருந்து கிடையாது என்பது அடுத்த விஷயம். டெங்கு, டைஃபாய்டு போன்ற கடும் காய்ச்சலுக்குப் பிறகு கொத்துக் கொத்தாக உதிர்வது, ரத்தசோகை, தைராய்டு கோளாறு, வட்ட வட்டமாக விழும் புழுவெட்டு ஆகியவற்றுக்குக் காரணம் வேறு, சிகிச்சையும் வேறு. அதனால்தான் நண்பர் சாப்பிடுகிறார் என்று நீங்களும் வாங்கக் கூடாது. டாக்டரின் சீட்டு இருந்தால் மட்டுமே கடையில் விற்க வேண்டிய மருந்துகளில் ஃபினாஸ்டெரைடும் ஒன்று.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. 5 மி.கி மாத்திரையை வாங்கி நான்காக உடைத்துச் சாப்பிடுவது. காசு மிச்சமாகும் என்பது கணக்கு. உடைத்தால் அளவு சரியாக வராது, தூள் சிதறும். அந்தத் தூள் வீட்டில் உள்ள கர்ப்பிணிக்கு ஆபத்து. இதைப் பிறகு பார்ப்போம். 'முழுசாவே போட்டா சீக்கிரம் வளருமே' என்று நினைப்பவர்களும் உண்டு. 1 மி.கி மாத்திரையே ரத்தத்தில் உள்ள டி.ஹெச்.டி-யை 60 சதவிகிதத்துக்கு மேல் குறைத்துவிடுகிறது. ஐந்து மடங்கு சாப்பிட்டால் முடி ஐந்து மடங்கு வளராது.

'நான் மாத்திரை சாப்பிடலை, தலையில தடவுறேன். பக்க விளைவே இல்லை' என்பது புது நம்பிக்கை. மினாக்ஸிடிலோடு ஃபினாஸ்டெரைடைக் கலந்த திரவங்கள் இப்போது நிறைய விற்பனையாகின்றன. தடவும் மருந்தும் தோல் வழியாக ரத்தத்துக்குப் போகும். அமெரிக்காவில் இப்படிக் கலந்து தயாரிக்கப்படும் தடவும் ஃபினாஸ்டெரைடு பற்றி 2025 ஏப்ரலில் எஃப்.டி.ஏ எச்சரிக்கை வெளியிட்டது. மாத்திரைக்குச் சொல்லப்படும் அதே வகைப் பக்க விளைவுகள் தடவியவர்களுக்கும் வந்ததாகப் புகார்கள் வந்திருந்தன. தடவியவரின் தலையைத் தொடுபவர்களுக்கும் மருந்து ஒட்டிக்கொள்ளலாம் என்பதையும் அது சொல்லியிருந்தது.

பாதியாகக் காட்டும் ரத்தப் பரிசோதனை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

புராஸ்டேட் புற்றுநோய் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் முதலில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை பி.எஸ்.ஏ. பொதுவாக 4 நானோகிராமுக்கு மேல் போனால் டாக்டர்கள் கூடுதலாக ஆராய்வார்கள். ஃபினாஸ்டெரைடோ, டூடாஸ்டெரைடோ ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுபவர்களுக்கு இந்த எண் ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும்.

உதாரணத்துக்கு, ஒருவருக்கு பி.எஸ்.ஏ 3.2 என்று ரிப்போர்ட் வருகிறது. லேப் தாளில் 'நார்மல்' என்றே இருக்கும். ஆனால், அவர் இந்த மாத்திரையை ஓராண்டாகச் சாப்பிடுகிறார் என்றால், அந்த எண்ணை இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். உண்மையான கணக்கு 6.4. இது கவனிக்க வேண்டிய எண். மாத்திரை சாப்பிடும் காலத்தில், ஏற்கெனவே இறங்கிய எண் மறுபடி ஏறத் தொடங்கினாலும் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. அது 4-க்குக் கீழே இருந்தாலும்கூட.

யூராலஜிஸ்ட்டுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் யாரோ ஒரு டாக்டர் ரிப்போர்ட் பார்க்கும்போது. அவரிடம் இந்த மாத்திரை பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 50 வயதிலும் முடிக்காக 1 மி.கி சாப்பிடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 'முடி மாத்திரைதானே, இதைப் போய் எதுக்குச் சொல்லணும்' என்று விட்டுவிடுவது அவர்கள்தான் அதிகம்.

சோதனையில் ஒன்றை மறைத்துவிடும் இந்த மருந்தின் குணம் விளையாட்டு உலகத்தையும் விட்டுவைக்கவில்லை. ஊக்கமருந்து உட்கொண்டதைச் சிறுநீர்ப் பரிசோதனையில் மறைத்துவிடலாம் என்ற காரணத்தால், 2005 முதல் ஃபினாஸ்டெரைட் தடைப்பட்டியலில் இருந்தது. முடிக்காக இதைச் சாப்பிட்டு வந்த அமெரிக்க ஸ்கெலிடன் வீரர் ஸாக் லண்ட், 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொள்ள முடியாமல் போனார். பரிசோதனை முறைகள் மேம்பட்ட பிறகு, 2009-ல் இந்தத் தடை நீக்கப்பட்டது.

புற்றுநோய்க்கும் இந்த மருந்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியும் எழும். 18,882 ஆண்களைக் கொண்டு நடந்து, 2003-ல் வெளியான பெரிய ஆய்வில், ஃபினாஸ்டெரைட் சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் சுமார் 25 சதவிகிதம் குறைவாகவே கண்டறியப்பட்டது. அதே ஆய்வில், வேகமாகப் பரவும் வகைப் புற்றுநோய் 5.1 சதவிகிதத்திலிருந்து 6.4 சதவிகிதமாகக் கூடியிருந்தது. 2011-ல் எஃப்.டி.ஏ இதை எச்சரிக்கையாக மருந்தின் விவரக்குறிப்பில் சேர்க்கச் சொன்னது. அதே ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, மருந்து சாப்பிட்டவர்களிடம் இறப்பு அதிகரித்ததாகத் தெரியவில்லை. ஆக, பயந்து நிறுத்த வேண்டியதில்லை, புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பிச் சாப்பிடவும் வேண்டியதில்லை.

மருமகளும் தெரிந்துகொள்ள வேண்டும்

சலினாஸ் கிராமத்துக் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். கர்ப்பப்பையில் டி.ஹெச்.டி கிடைக்காத ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு முழுமையாக உருவாகவில்லை. இந்த மருந்து செய்வதே டி.ஹெச்.டி-யைக் குறைப்பதுதான். அதனால்தான் கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ள பெண்களும் இதைச் சாப்பிடக் கூடாது. உடைந்த, பொடியான ஃபினாஸ்டெரைட் மாத்திரையைக் கையால் தொடவும் கூடாது. உடையாத மாத்திரைக்கு மேல்பூச்சு இருப்பதால் தொட்டால் ஆபத்தில்லை. டூடாஸ்டெரைட் பெரும்பாலும் கேப்ஸ்யூலாக வரும். அதில் கசிவு இருந்தால் தொடக் கூடாது, தோல் வழியாகவே உள்ளே போய்விடும்.

மாமனாருக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது பல வீடுகளில் மருமகள்தான். விழுங்கச் சிரமப்படுகிறார் என்று மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து தருவதும் உண்டு. அவர் கர்ப்பமாக இருந்தால், இந்த ஒரு மாத்திரையை மட்டுமாவது வேறு யாரேனும் கையாளட்டும். தெரியாமல் தொட்டுவிட்டால் உடனே சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு, அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் சொன்னால் போதும்.

'பொண்ணுக்கும் முடி கொட்டுது, அண்ணனோட மாத்திரையிலேயே ஒண்ணு போட்டுக்கட்டும்' என்ற யோசனையும் வேண்டாம். ஃபினாஸ்டெரைட் மாத்திரை ஆண்களுக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டது.

குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதி என்றால், கணவர் இதைச் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். சிலருக்கு விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கலாம், நிறுத்தினால் சரியாவதும் பதிவாகியிருக்கிறது. ரத்த தானம் செய்பவர்களுக்கும் ஒரு விதி உண்டு. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, ஃபினாஸ்டெரைடை நிறுத்தி ஒரு மாதமும், டூடாஸ்டெரைடை நிறுத்தி ஆறு மாதமும் ஆன பிறகுதான் ரத்தம் கொடுக்க வேண்டும். டூடாஸ்டெரைட் உடலிலிருந்து முழுதாக வெளியேற அவ்வளவு மாதங்கள் ஆகும்.

யாரும் பேசாத பக்க விளைவு

தாம்பத்ய ஆர்வம் குறைவது, விறைப்புத்தன்மைக் குறைபாடு, விந்து அளவு குறைவது ஆகியவை இந்த மருந்தின் தெரிந்த பக்க விளைவுகள். 1 மி.கி ஆய்வுகளில், மருந்து சாப்பிட்டவர்களில் 3.8 சதவிகிதம் பேருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.1 சதவிகிதம் பேருக்கும் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. 5 மி.கி-யில் இது அதிகம். மார்பு வலி எடுப்பது, மார்பு பெரிதாவது சிலருக்கு வரலாம். மார்பில் கட்டி தென்பட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பயமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. 2007-ல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, இரு குழுவுக்கும் 5 மி.கி ஃபினாஸ்டெரைடே கொடுத்தார்கள். பக்க விளைவு பற்றிச் சொல்லிக் கொடுத்த குழுவில் 43.6 சதவிகிதம் பேர் பாலியல் பிரச்னை வந்ததாகச் சொன்னார்கள். சொல்லாமல் கொடுத்த குழுவில் 15.3 சதவிகிதம் பேர்.

அதற்காக, 'எல்லாம் மனப்பிரமை' என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பெரும்பாலானவர்களுக்கு மருந்தை நிறுத்தினால் பிரச்னை தீர்ந்துவிடுகிறது. ஆனால், சிலர் நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் தொடர்வதாகச் சொல்கிறார்கள். 2012-ல் எஃப்.டி.ஏ இதை மருந்தின் விவரக்குறிப்பில் சேர்த்தது. இது ஏன் நடக்கிறது, யாருக்கு நடக்கும் என்பது ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதத்தில் உள்ள விஷயம்.

மனநிலை சார்ந்த எச்சரிக்கை இதைவிட முக்கியம். சோர்வு, மன அழுத்தம் மட்டுமன்றி, தற்கொலை எண்ணமும் பக்க விளைவாகப் பதிவாகியிருக்கிறது. 2022-ல் எஃப்.டி.ஏ இதை விவரக்குறிப்பில் சேர்க்கச் சொன்னது. 2025-ல் ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பும் ஆராய்ந்து, ஃபினாஸ்டெரைட் மாத்திரைகளின் பக்க விளைவுகளில் தற்கொலை எண்ணமும் ஒன்று என்று உறுதிசெய்தது. முடிக்காக 1 மி.கி சாப்பிட்டவர்களிடமிருந்துதான் இத்தகைய புகார்கள் அதிகம் வந்திருந்தன.

'புரட்டிப்போட்ட மாதிரி ஆளே மாறிட்டான். யார்கிட்டயும் பேசறதில்லை' என்று வீட்டில் ஒருவரைப் பற்றித் தோன்றினால், அவர் முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முடிக்காகச் சாப்பிடுபவர் மனம் கனப்பதை உணர்ந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். புராஸ்டேட்டுக்காகச் சாப்பிடுபவர் தாமதிக்காமல் டாக்டரிடம் பேசி முடிவெடுக்க வேண்டும். தற்கொலை எண்ணம் எட்டிப் பார்த்தால் தமிழக அரசின் 104 எண்ணையோ, டெலி மானஸ் 14416 எண்ணையோ எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

இங்கேதான் அப்பாவின் கணக்கும் மகனின் கணக்கும் பிரிகின்றன. சிறுநீர் அடைப்பும் ஆபரேஷனும் வராமல் தடுக்க அப்பாவுக்கு இந்த மருந்து தேவைப்படலாம். சின்ன பக்க விளைவைச் சகித்துக்கொண்டாவது தொடர்வதில் அவருக்கு அர்த்தம் இருக்கிறது. முடி உதிர்வு உயிருக்கு ஆபத்தில்லாதது. அங்கே மருந்து ஒரு விருப்பம்தான். சின்ன உபாதை என்றாலும் 'எனக்கு இது வேண்டாம்' என்று நிறுத்தும் உரிமை மகனுக்கு உண்டு. மினாக்ஸிடில் தடவுவது, முடி மாற்று சிகிச்சை, ஒட்ட வெட்டிக்கொண்டு கம்பீரமாக நடப்பது என்று வேறு வழிகளும் இருக்கின்றன.

டாக்டரிடம் போகும்போது...

* சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் போனில் போட்டோவாக வைத்திருங்கள். முடிக்கான மாத்திரையும், தலையில் தடவும் மருந்தும் அதில் இருக்கட்டும்.

* மாத்திரையைத் தொடங்கும் முன்பே பி.எஸ்.ஏ எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். எடுத்தால் அந்த ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு ஒப்பிட அது வேண்டும்.

* பி.எஸ்.ஏ பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போதும், ரிப்போர்ட்டைக் காட்டும்போதும் 'இந்த மாத்திரையை இத்தனை மாசமா சாப்பிடுறேன்' என்று நீங்களாகவே சொல்லுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

* ஏற்கெனவே மன அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுத்தவர் என்றால், முடி மாத்திரை எழுதும் டாக்டரிடம் முதலிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

* கண் ஆபரேஷன், குழந்தைக்கான திட்டம், ரத்த தானம் ஆகிய மூன்றில் எது வந்தாலும் இந்த மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டும்.

* புராஸ்டேட் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நடுவில் நிறுத்தாதீர்கள். முடி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

* மனைவியிடம் சொல்லுங்கள். உடலிலோ மனநிலையிலோ மாற்றம் வந்தால், நமக்கு முன்பே அவர்களுக்குத்தான் தெரியும்.